பூட்டிய கிரில் கேட்டைப் பற்றி எழுதியது குற்றமா? தீப் பாதுகாப்புக் கட்டுரைப் போட்டிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலை மாணவர்களுக்கான தீப் பாதுகாப்புக் கட்டுரைப் போட்டியையும் அதற்கான கல்வி உதவித்தொகையையும் நடத்தும் அறக்கட்டளையின் தலைவர், செயலாளர், தேர்வுக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

இந்த ஆண்டுப் போட்டியில் ஒரு பிளஸ் டூ மாணவியின் கட்டுரையை நீங்கள் நிராகரித்ததை எதிர்த்து இதை எழுதுகிறேன். நிராகரித்ததோடு விட்டிருந்தால் உங்களுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருப்பேன். ஆனால் அந்தக் கட்டுரையின் நகலை அவள் படிக்கும் பள்ளியின் தாளாளருக்கு அனுப்பி வைத்தீர்கள். உடனே பெற்றோரை வரச் சொன்னார்கள். பள்ளியின் நற்பெயருக்குக் களங்கம் வரும்படி எழுதியதற்கு வருந்துகிறேன் என்று அவளிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். கட்டுரையில் அவள் குறிப்பிட்டிருந்த கிரில் கேட்டை மட்டும் யாரும் திறக்கவில்லை. இதை எழுதும் நாள்வரை அதில் பூட்டுத்தான் தொங்குகிறது.

நான் கும்பகோணம் பக்கத்தில் தமிழாசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாலையில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மேல்நிலை மாணவர்களுக்குக் கட்டுரையும் கடிதமும் எழுதப் பழக்குகிறேன். அந்த மாணவியும் அங்கே வருபவள்தான். உங்கள் போட்டிக்குச் சில ஆண்டுகள் கட்டுரை திருத்தியிருக்கிறேன். உங்களில் பலரை நேரில் தெரியும். உங்கள் பரிசுத் தொகையால் கல்லூரி முதலாண்டுக் கட்டணத்தை வட்டிக்கு வாங்காமல் கட்டிய வீடுகளையும் தெரியும். ஆகவே போட்டியை நிறுத்தச் சொல்ல வந்தவனாக என்னை எண்ண வேண்டாம்.

திருத்திய அனுபவத்தில் சொல்கிறேன். உங்களுக்கு வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே கட்டுரைதான். ஐம்பூதங்களில் ஒன்று தீ என்று முன்னுரை தொடங்கும். ஆதிமனிதன் கல்லோடு கல்லை உரசுவான். அப்புறம் 'தீயின் வகைகள்', 'தீ விபத்துக்கான காரணங்கள்', 'தடுக்கும் முறைகள்' என்று உட்தலைப்புகள் வரிசையாக வரும். பட்டாசு வெடிக்கும்போது பருத்தி ஆடை அணிய வேண்டும், கேஸ் கசிந்தால் சுவிட்சைத் தொடக்கூடாது, ஆடையில் தீப்பற்றினால் ஓடாமல் தரையில் உருள வேண்டும், 101-ஐ அழைக்க வேண்டும். 'வருமுன் காப்போம்' என்று முடிவுரை. எல்லாம் சரியான செய்திகள், தவறு என்று சிவப்பு மை போட ஒன்றும் இருக்காது. ஆனால் எந்த ஊரில், எந்தத் தெருவில், எந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து அந்தப் பிள்ளை அதை எழுதியது என்பதற்கு ஒரு தடயமும் இருக்காது. வழிகாட்டி நூலில் உள்ளதை அழகான கையெழுத்தில் எழுதிய பிள்ளைக்குப் பரிசு போகும். (கையெழுத்துக்கு மதிப்பெண் போட எனக்கும் பிடிக்கும். அது வேறு விஷயம்.)

இவள் கட்டுரை அப்படி இல்லை. அவள் அப்பா பந்தல் வேலைக்காரர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எல்லாவற்றுக்கும் ஒரு காலத்தில் கீற்றுப் பந்தல் போட்டவர். இப்போது பெரும்பாலும் தகரமும் துணியும். பந்தலுக்கு எத்தனை பக்கம் வழி விட வேண்டும், சமையல் கொட்டகையை எவ்வளவு தள்ளிப் போட வேண்டும், காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதெல்லாம் அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. அந்தக் கண்ணோடு அவள் தன் பள்ளியைப் பார்த்திருக்கிறாள்.

அவள் வகுப்பு இரண்டாம் மாடியில் இருக்கிறது. கட்டடத்துக்கு இரண்டு படிக்கட்டுகள். கிழக்குப் பக்கம் திறந்திருக்கும். மேற்குப் படிக்கட்டின் அடியில் கிரில் கேட் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். மதிய இடைவேளையில் பையன்கள் அந்த வழியாக நழுவிவிடுகிறார்கள் என்பது காரணம். சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது. அவர் உட்கார்ந்திருப்பது விளையாட்டுத் திடலைத் தாண்டி முன்வாசலில். மாலை மணி அடித்ததும் மூன்று தளத்துப் பிள்ளைகளும் கிழக்குப் படிக்கட்டில்தான் வந்து விழுகிறார்கள். கடைசிப் பிள்ளை தரைக்கு வர எவ்வளவு நேரமாகிறது என்று கைக்கடிகாரம் வைத்துப் பார்த்து எழுதியிருந்தாள். எழுதிவிட்டு, அது மின்சாரம் இருந்த நாள், புகை இல்லாத நாள், யாரும் பயப்படாத நாள் என்றும் சேர்த்திருந்தாள்.

அடுத்து தீயணைப்பான். அலுவலக வாசலில் ஒன்று பளபளவென்று மாட்டியிருக்கிறது. அவளுடைய தளத்தில் இருக்க வேண்டியது படிக்கட்டுக்கு அடியில், உடைந்த பெஞ்சுகளுக்குப் பின்னால் கிடக்கிறது. அதன் தலையில் உள்ள அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் இல்லை. கடைசியாக நிரப்பிய தேதியைக் குறிக்கும் அட்டையில் மை அழிந்துவிட்டது. வேதியியல் ஆய்வகத்துக்கு இரண்டு கதவுகள் இருந்தும் ஒன்றை அடைத்துக்கொண்டு பீரோ நிற்கிறது. மற்றது உள்பக்கமாகத் திறப்பது. உள்ளேயிருந்து கூட்டமாக வந்து முட்டினால் அந்தக் கதவைத் திறக்க முடியாது என்று காரணமும் எழுதியிருந்தாள்.

தலைமையாசிரியரையோ வாட்ச்மேனையோ அவள் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. பள்ளி நேரத்தில் பூட்டை எடுத்துவிட்டு அங்கே ஒருவரை உட்கார வைக்க வேண்டும், தீயணைப்பானை நிரப்பிச் சுவரில் மாட்ட வேண்டும், பீரோவை நகர்த்த வேண்டும் என்று கேட்டிருந்தாள். பீரோவை நகர்த்த நான்கு பையன்கள் போதும், செலவில்லை என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன். ஒற்றுப்பிழைகள் இருந்தன. முடிவுரை அவசரத்தில் எழுதியது. இருந்தாலும் நான் திருத்திய ஆண்டுகளில் இப்படி ஒரு கட்டுரை என் கைக்கு வந்ததில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கட்டுரைக்குள் பள்ளியின் பெயர் எங்கும் இல்லை. 'எங்கள் பள்ளி' என்றுதான் எழுதியிருக்கிறாள். பெயர் இருந்தது நீங்கள் கட்டாயமாக நிரப்பச் சொன்ன விண்ணப்பப் படிவத்தில்.

உங்கள் நிராகரிப்புக் கடிதம் இந்த ஆண்டு புதிதாகச் சேர்த்த விதியைக் காட்டுகிறது. குறிப்பிட்ட நிறுவனத்தின் குறைகளைச் சுட்டும் கட்டுரைகள் பரிசீலிக்கப்படமாட்டா என்பது அந்த விதி. அது ஏன் வந்தது என்று கேட்க உங்கள் பொறுப்பாளர் ஒருவரிடம் தொலைபேசியில் பேசினேன். பொறுமையாகத்தான் பேசினார். மூன்று காரணங்கள் சொன்னார். சான்று இல்லாத குற்றச்சாட்டை ஏற்க முடியாது. இது விழிப்புணர்வுப் போட்டி, புகார்ப் பெட்டி இல்லை. இதையெல்லாம் அனுமதித்தால் அடுத்த ஆண்டு எந்தப் பள்ளியும் மாணவர்களை அனுப்பாது.

முதல் காரணத்துக்குப் பதில் சொல்வது எளிது. கிரில் கேட் தரைத்தளத்தில் இருக்கிறது. ஓர் ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். உங்கள் குழுவிலிருந்து யாரும் போகவில்லை. போய்ப் பார்த்து, அவள் எழுதியது பொய் என்று கண்டு நிராகரித்திருந்தால் இந்த மடலுக்கு வேலையே இல்லை. பார்க்காமலே சான்று இல்லை என்கிறீர்கள்.

இரண்டாவதற்குத்தான் நம் பகுதியின் கதையைச் சொல்ல வேண்டும். உங்களுக்குப் போய் இதை நினைவூட்ட வேண்டியிருக்கிறதே என்று சங்கடமாக இருக்கிறது. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்து 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் தீப்பிடித்து மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணம் காசிராமன் தெருவில் பள்ளிக்கூடம் எரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். ஏழே கால் ஆண்டுக்குள், காவிரிப் பகுதியில், ஒருநாள் பயணத்தில் போய் வந்துவிடக்கூடிய மூன்று ஊர்கள். மூன்று இடத்திலும் கீற்று இருந்தது. மூன்று இடத்திலும் உள்ளே இருந்தவர்களுக்கு வெளியேறும் வழி போதவில்லை.

கும்பகோணத்தில் நடந்தது என்ன? மதிய உணவு சமைத்த இடத்தில் பற்றிய தீ, கீற்றுக் கூரைக்கு ஏறியது. ஒரே கட்டடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளை நடத்திக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டு குறுகல். இதில் எது ரகசியம்? கூரை கீற்று என்பது தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும். அடுப்பு எங்கே எரிகிறது என்பது அங்கே தட்டேந்தி நின்ற ஒவ்வொரு குழந்தைக்கும் தெரியும். படிக்கட்டு எவ்வளவு குறுகல் என்பது தினமும் ஏறி இறங்கிய கால்களுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்ல அந்தக் குழந்தைகளுக்கு வயதில்லை. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள். உங்கள் போட்டிக்கு எழுதுகிறவர்களுக்குப் பதினேழு வயது. தெரிந்ததைத் தெளிவாக எழுதும் வயதில் இருக்கிறார்கள். அவர்களைத்தான் வாயை மூடச் சொல்லி விதி போட்டிருக்கிறீர்கள்.

அந்தக் குழந்தைகளின் பெற்றோர் இன்றும் ஜூலை 16 வந்தால் படங்களை வைத்து அஞ்சலி செலுத்துகிறார்கள். விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பு 2014 ஜூலை 30 அன்றுதான் வந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, யார் எதைக் கவனிக்காமல் விட்டார்கள் என்று சாட்சி சாட்சியாக விசாரித்து முடித்தார்கள். இந்த மாணவி அதே வேலையைத் தீப்பிடிப்பதற்கு முன்னால் செய்திருக்கிறாள்.

வெளியூர்க் கதைகளும் இப்படித்தான். 1995 டிசம்பர் 23 அன்று ஹரியானாவின் டப்வாலியில் பள்ளி ஆண்டு விழா நடந்த மண்டபத்தில் செயற்கைத் துணிப் பந்தல் எரிந்து 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பாதிக்கு மேல் குழந்தைகள். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் இறந்தார்கள். கூடுதலாகப் போட்ட இருக்கைகள் வழியை அடைத்திருந்தன. 2019 மே 24 அன்று சூரத்தில் ஒரு வணிக வளாகத்தின் மேல்தளத்தில் நடந்த பயிற்சி மையத்தில் 22 பேர். கீழே இறங்க வழியில்லாமல் பிள்ளைகள் மாடியிலிருந்து குதித்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அவர்களில் பலர் உங்கள் போட்டியாளர்களின் வயதுக்காரர்கள். அங்கே படித்த யாராவது ஒரு பிள்ளை முதல் மாதமே, 'எங்கள் மையத்துக்கு இறங்க ஒரே வழிதான் இருக்கிறது' என்று ஒரு கட்டுரைப் போட்டிக்கு எழுதி அனுப்பியிருந்தால், உங்கள் புதிய விதிப்படி அதையும் தள்ளிவிட்டிருப்பீர்கள்.

கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளிலிருந்து கீற்றுக் கொட்டகைகளை அகற்ற வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அதற்கப்புறம் எல்லாருடைய கண்ணும் கூரையிலேயே நின்றுவிட்டது. கீற்று போன காலத்திலேயே கிரில் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. சைக்கிள் திருட்டுக்கு ஒரு கிரில், பையன்கள் வகுப்பைக் கட் அடிக்கிறார்கள் என்று ஒரு கிரில், வெளியாட்கள் வருகிறார்கள் என்று ஒரு கிரில். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருக்கிறது. ஆசிரியராக இருந்தவனுக்கு அது தெரியாதா? ராத்திரி பூட்டிக்கொள்ளட்டும். பிள்ளைகள் மாடியில் இருக்கும்போது பூட்டுவதற்கு எந்த நியாயமும் போதாது.

சட்டமும் அவள் பக்கம்தான் இருக்கிறது. கும்பகோணம் தீயை ஒட்டித் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரல் 13 அன்று தீர்ப்புச் சொன்னது. பிள்ளைகளின் கல்வி உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடக்கம் என்றது. தீயணைப்புக் கருவிகள் இருக்க வேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், கட்டடங்கள் தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் உத்தரவிட்டது. வெளியேறும் கதவு உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும் என்றும், வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்றும் அந்த விதித்தொகுப்பு சொல்கிறது. அதைப் படிக்காமலே, பந்தல்காரர் மகள் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். அவள் எழுதியது புகார் என்றால் அந்த விதித்தொகுப்பும் புகார்தான்.

மூன்றாவது காரணத்துக்கு வருகிறேன். பள்ளிகள் மாணவர்களை அனுப்பாமல் போய்விடும் என்பது. இதுதான் உண்மையான காரணம் என்பது என் எண்ணம். உங்கள் தேர்வுக் குழுவில் போட்டியிடும் பள்ளிகளின் நிர்வாகிகளே உட்கார்ந்திருக்கிறார்கள். பரிசளிப்பு விழா ஏதாவது ஒரு பள்ளியின் அரங்கில்தான் நடக்கிறது. அரங்கு, மைக், சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. அவர்கள் மனம் கோணக்கூடாது என்று நீங்கள் நினைப்பது மனித இயல்பு. ஆனால் இந்த மாணவியின் கட்டுரை முதல் சுற்றில் தேறி, நேர்முகத்துக்கு அழைப்பும் வந்திருந்தது. அதற்குப் பிறகுதான் விதி நினைவுக்கு வந்திருக்கிறது. இடையில் யார் படித்தார்கள், யார் யாரிடம் பேசினார்கள் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கட்டுரையைப் பள்ளிக்கு அனுப்பியபோது அதன் விளைவை நினைத்துப் பார்த்தீர்களா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. பிளஸ் டூவில் அகமதிப்பீட்டு மதிப்பெண் பாடத்துக்குப் பத்து, போடுவது பள்ளி. செய்முறைத் தேர்வு நடப்பது அதே ஆய்வகத்தில், அந்தப் பீரோவுக்குப் பக்கத்தில். நன்னடத்தைச் சான்றில் கையெழுத்துப் போடுவது தலைமையாசிரியர். இத்தனையும் யார் கையில் இருக்கிறதோ அவர்களிடம் ஒரு பதினேழு வயதுப் பெண்ணை நீங்களே காட்டிக்கொடுத்துவிட்டீர்கள். கடுமையான சொல்தான். வேறு சொல் கிடைக்கவில்லை. அந்த நகலை அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்கு அனுப்பியிருந்தால், நிலைய அலுவலர் ஒருமுறை வந்து பார்த்திருப்பார், பூட்டு அன்றே போயிருக்கும். அவளுக்கும் எந்தத் தொந்தரவும் வந்திருக்காது. படிவத்தில் தலைமையாசிரியர் கையெழுத்து கட்டாயம் என்று வேறு வைத்திருக்கிறீர்கள். அந்தக் கையெழுத்து வேண்டுமென்றால் எந்தப் பிள்ளை பூட்டைப் பற்றி எழுதும்? இவள் எழுதியதற்குக் காரணம், தலைமையாசிரியர் கட்டுரையைப் படிக்காமலே கையெழுத்திட்டதுதான்.

தீ ஒத்திகைகள் நடக்கின்றனவே என்பீர்கள். நானும் பல பார்த்திருக்கிறேன். தீயணைப்பு வீரர்கள் வருவார்கள், திடலில் ஒரு தகர டப்பாவில் எண்ணெய் ஊற்றிக் கொளுத்துவார்கள், ஊசியை இழு, குழாயைத் தீயின் அடியில் பிடி, பிடியை அழுத்து, இடமும் வலமும் வீசு என்று சொல்லிக் காட்டுவார்கள், ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் கூப்பிட்டுச் செய்ய வைப்பார்கள். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அருமையான மனிதர்கள், நன்றாகச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் வருகிற தேதி முன்பே பள்ளிக்குத் தெரியும். அன்றைக்கு எல்லா கேட்டும் திறந்திருக்கும், பெஞ்சுகளுக்குப் பின்னால் கிடந்த தீயணைப்பானும் துடைத்து வெளியே வந்திருக்கும். மற்ற நாட்களில் அந்தப் பள்ளி எப்படி இருக்கிறது என்பது அங்கே தினமும் போகிற பிள்ளைகளுக்குத்தான் தெரியும். அதை எழுத வைக்க உங்களிடம் ஒரு போட்டி இருக்கிறது, பரிசுப் பணம் இருக்கிறது, மாவட்டம் முழுக்கப் பெயரும் இருக்கிறது. வேறு யாரிடமும் இல்லாத வசதி இது. அதை வைத்துக்கொண்டு ஆதிமனிதனின் கல்லை ஆண்டுதோறும் உரசிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு சங்கடம், காலம். பரிசளிப்பை ஏப்ரல் 14 முதல் 20 வரையிலான தீத்தொண்டு வாரத்தில் வைக்கிறீர்கள். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பருத்தியும் ஏற்றி நின்ற கப்பல் வெடித்தபோது, தீயை அணைக்கப் போய் உயிர்விட்ட வீரர்களை நினைக்கும் வாரம் அது. அவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டியதுதான். ஆனால் அப்போது பிளஸ் டூ பிள்ளைகள் பொதுத்தேர்வு முடித்துப் பள்ளியை விட்டே போயிருப்பார்கள். அவர்கள் கண்டுபிடித்துச் சொன்ன குறை சரியானதா என்று பார்க்க அவர்களே அங்கே இருக்க மாட்டார்கள்.

இனி நான் கேட்பவை.

முதலில் அந்த மாணவி. அவள் கட்டுரையை மீண்டும் எடுங்கள். போட்டியிடும் எந்தப் பள்ளியோடும் தொடர்பில்லாத இருவரிடம் கொடுத்து மதிப்பிடச் சொல்லுங்கள். அதில் ஒருவர் தீயணைப்புத் துறையில் பணியாற்றியவராக இருக்கட்டும். அவர்கள் அது பரிசுக்குரியது இல்லை என்றால் ஏற்றுக்கொள்கிறேன், ஒற்றுப்பிழைக்கு மதிப்பெண் குறைத்தாலும் வாய் திறக்க மாட்டேன். விதியைக் காட்டித் தள்ளுவதை மட்டும் ஏற்க முடியாது. அந்தப் பள்ளிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்: எங்கள் போட்டி கேட்டதைத்தான் அவள் எழுதினாள், அவளிடம் வாங்கிய மன்னிப்புக் கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள், மதிப்பெண்ணிலோ நன்னடத்தைச் சான்றிலோ இதைக் காட்டக்கூடாது என்று. இது அவளுடைய செய்முறைத் தேர்வுக்கு முன்னால் நடக்க வேண்டும். பிறகு நடந்தால் பயனில்லை.

அடுத்து, கட்டுரையில் உள்ள குறைகளை அவள் பெயரும் வகுப்பும் இல்லாமல் ஒரு தாளில் எடுத்து எழுதி, அந்தப் பகுதித் தீயணைப்பு நிலையத்துக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அனுப்புங்கள். இதற்கு உங்கள் பொதுக்குழு கூட வேண்டியதில்லை. இந்த வாரமே செய்யலாம்.

புதிய விதியை நீக்குங்கள். பள்ளிகளின் பெயர் வெளியே வருவதுதான் கவலை என்றால் அதற்கு வழி இருக்கிறது. கட்டுரைகளுக்கு எண் கொடுங்கள், படிவத்தைத் தனியாகப் பிரித்து வையுங்கள், திருத்துகிறவருக்குப் பள்ளி தெரிய வேண்டாம். பொதுத்தேர்வு விடைத்தாளுக்கே நாம் இப்படித்தானே செய்கிறோம்? பரிசு பெற்ற கட்டுரையை மலரில் அச்சிடும்போதும் பள்ளியைக் குறிப்பிட வேண்டியதில்லை. தலைமையாசிரியர் கையெழுத்துக்குப் பதிலாகப் பெற்றோர் கையெழுத்தும் மாணவர் அடையாள அட்டை நகலும் போதும். பள்ளி நிர்வாகிகள் விழாவுக்கு வரட்டும், மேடையில் உட்காரட்டும். தேர்வுக் குழுவில் மட்டும் வேண்டாம்.

போட்டியின் தலைப்பையும் மாற்றச் சொல்கிறேன். பாதி மதிப்பெண்ணைப் பொதுச் செய்திகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மறுபாதியை, தினமும் புழங்கும் ஒரு கட்டடத்தை நேரில் பார்த்து எழுதுவதற்கு ஒதுக்குங்கள். பள்ளியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டியூஷன் சென்டர், விடுதி, திருமண மண்டபம், அம்மா வேலை பார்க்கும் ஜவுளிக்கடை, எதுவாகவும் இருக்கட்டும். எத்தனை வழி, எது பூட்டியிருக்கிறது, தீயணைப்பான் எங்கே, நிரப்பிய தேதி என்ன, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, செலவில்லாமல் எதைச் சரிசெய்யலாம் என்று எழுதட்டும். வரும் கட்டுரைகளில் உள்ள குறைகளை ஊர்வாரியாகத் தொகுத்து ஆண்டுக்கு ஒருமுறை தீயணைப்புத் துறைக்குக் கொடுங்கள்.

போட்டியை ஜூலைக்கு மாற்றுங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் அறிவித்து, ஜூலை 16-ஐ ஒட்டி முடித்துவிடலாம். கும்பகோணத்துக்காரர்களுக்கு அந்தத் தேதி ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் எழுதிய குறைகளைச் சரிசெய்ய அந்தக் கல்வியாண்டு முழுக்க மீதி இருக்கும். பரிசுத் தொகையைக் கல்லூரிச் சேர்க்கையின்போது கொடுத்தால் போதும், மாணவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இந்த மடலுக்கு உங்கள் குழுவின் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். எனக்கு அனுப்ப வேண்டாம்; அந்த மாணவியின் பெற்றோருக்கு, உங்கள் படிவத்தில் உள்ள வீட்டு முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இந்த முறை பள்ளி வழியாக அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
கும்பகோணம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்